221 மைல் தூரம். 40 ஆண்டுப் பயணம்!

சென்னைக்கு எது பக்கம்? மதுரையா, கோவையா, யாழ்ப்பாணமா?

எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டாலும், மதுரை என்பார் ஒருவர், கோவை என்பார் இன்னொருவர். யாழ்ப்பாணம் என்று சொல்ல ஒருவர் முன்வந்தால், "அது கடலுக்கு அப்பால் உள்ள சீமையாயிற்றே!" என்று சுற்றி நிற்போர் கைகொட்டிச் சிரிப்பர். ஆனால், தோழர்களே, சிரிப்புக்கு ஆளான அந்த மனிதர் சொன்னதுதான் சரியான விடை!

வானத்தில் பறக்கும் விமானத்துக்கு ஆறும் மலையும் தடையில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேர்கோடாக அளந்தால் என்ன தூரமோ, அதுதான் அதற்குக் கணக்கு. அப்படி அளந்தால் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கோவை விமான நிலையம் ஏறத்தாழ 405 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 420. தூத்துக்குடி ஏறத்தாழ 530. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ 356 கிலோமீட்டர்தான். மைலில் சொன்னால் 221.

யாரோ எழுதிவைத்ததை நம்ப வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தை வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடலாம். பூமியின் மீது வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மீனம்பாக்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.99 பாகையில் இருக்கிறது, பலாலி 9.79 பாகையில் இருக்கிறது. இரண்டுமே கிழக்கு 80 பாகைக் கோட்டை ஒட்டி, ஒன்றுக்கு நேர் தெற்கே இன்னொன்றாக அமைந்தவை. வித்தியாசம் 3.2 பாகை. அதை 60-ஆல் பெருக்கினால் 192 கடல் மைல். அதைக் கிலோமீட்டராக்கினால் 356. கணக்கு முடிந்தது!

திருச்சிக்காரருக்கு இன்னும் வியப்பு காத்திருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வான்வழி ஏறத்தாழ 295 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர். தலைநகரத்தை விடத் தமிழீழத்து நகரம் அவருக்குப் பக்கம்!

பூகோளம் இப்படிச் சொல்கிறது. ஆனால் பூகோளம் சொன்னபடி மனிதன் பயணம் போக முடிந்ததா? அதைத்தான் நாம் ஆராய வேண்டும். ஏனென்றால், தூரத்தை நிர்ணயிப்பது இயற்கை. அதைக் கடக்க ஆகும் நேரத்தை நிர்ணயிப்பது அரசாங்கம்.

நேரத்தின் கணக்கு

முதலில் நேரத்தைப் பார்ப்போம். இந்த வழியில் வந்துபோகும் விமானங்கள் சுழலி பொருத்திய சிறிய விமானங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கக் கூடியவை. 356 கிலோமீட்டரை அந்த வேகத்தில் வகுத்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருக்கும். இதில் பித்தலாட்டம் ஏதுமில்லை. அட்டவணை நேரம் என்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நிமிடம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மெல்ல ஏற வேண்டும், மெல்ல இறங்க வேண்டும். ஏறுவதிலும் இறங்குவதிலும் முழு வேகம் கிடைக்காது. குறுந்தூரப் பயணத்தில் பாதிப் பொழுது இதிலேயே போய்விடும்.

அதோடு, இது அயல்நாட்டுப் பயணம். கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும், சுங்கச் சோதனை நடக்க வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினாலும், வீட்டில் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பியவர் மாலைக்குள் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடலாம்.

இப்போது இப்படி. ஆனால், 2019-க்கு முந்திய நிலை என்ன?

யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி, சென்னையில் படிக்கும் மகனைப் பார்க்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை இருப்பது அவளுக்கு நேர் வடக்கே. அவள் புறப்பட வேண்டியதோ நேர் தெற்கே! கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலைப் பயணம். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து கட்டுநாயக்காவை அடைய வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து விமானம் ஏற வேண்டும். அந்த விமானம் சென்னையை நோக்கி 650 கிலோமீட்டர் பறக்கும். எந்தத் திசையில்? எந்தத் திசையிலிருந்து அவள் வந்தாளோ, அதே வடதிசையில்! முதல்நாள் இரவு எந்த மண்ணை விட்டுக் கிளம்பினாளோ, அந்த மண்ணின் பக்கமாகவே பறந்து சென்னைக்கு வந்து சேர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. 356 கிலோமீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது.

வடக்கே போகத் தெற்கே நட என்று சட்டம் எழுதிவைத்தவன் யார்? எவரும் எழுதவில்லை. போர் எழுதியது, போரைப் பெற்றெடுத்த அரசியல் எழுதியது, போர் ஓய்ந்த பிறகும் விழிக்க மறுத்த அலட்சியம் எழுதியது.

முன்பு இருந்த வழி

"யாழ்ப்பாணத்துக்கு விமானமா? புதுமையாக இருக்கிறதே!" என்று 2019-இல் வியந்தவர்கள் உண்டு. இதில் புதுமை ஏதுமில்லை. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வான்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின் அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. இலங்கையின் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோன், தன் முதல் பயணத்தைத் தொடங்கியது 1947 டிசம்பர் 10 அன்று. அந்த முதல் விமானம் எங்கே போயிற்று தெரியுமா? இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது! இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4 அன்று. ஆக, அந்நாடு சுதந்திரக் கொடி ஏற்றுவதற்கு முன்பே, யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வான்வழி இருந்தது.

கடல்வழியும் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலில் போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, மீண்டும் ரயில் ஏறலாம். 'போட் மெயில்' என்ற பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன் பின்னும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. புயலால் நிறுத்த முடியாத அந்தக் கப்பலை, 1980-களில் மூண்ட போர் நிறுத்திவிட்டது.

வான்வழிக்கும் அதே கதிதான். 1970-களின் இறுதியோடு ஏர் சிலோன் மறைந்தது. யாழ்ப்பாணம் - சென்னைப் பயணமும் அதோடு நின்றது. 1983-இல் இனக் கலவரம், அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர். பலாலி இராணுவக் கோட்டையாயிற்று. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்து இறங்கியதும் அதே ஓடுபாதையில்தான். 1990-இல் ரயில் நின்றது. ஏ-9 சாலை அடைபட்டது. ஒரு தீபகற்பமே நாட்டின் மற்றப் பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே வீழ்த்தப்பட்டு, அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். வானமும் பாதுகாப்பில்லை, தரையும் பாதுகாப்பில்லை, கடலும் பாதுகாப்பில்லை என்ற நிலையில் ஒரு தலைமுறையே வளர்ந்தது.

2009-இல் போர் முடிந்தது. சாலை திறந்தது. இந்தியாவின் உதவியுடன் தண்டவாளம் மீண்டும் போடப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. விமானத்துக்கு மட்டும் அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்துபோகத் தொடங்கியது. 40 ஆண்டு இடைவெளி! ஒரு மணி நேரப் பயணத்துக்கு 40 ஆண்டுக் காத்திருப்பு!

மீண்டும் விழுந்த பூட்டு

திறந்த கதவு நான்கு மாதம்தான் திறந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று வந்தது, உலகெங்கும் விமானங்கள் நின்றன, பலாலியும் நின்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி திறந்த கதையைப் பாருங்கள். கொழும்பு கட்டுநாயக்கா விமான நிலையம் சுற்றுலாப் பயணிகளுக்காக 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. பலாலிக்குச் சென்னை விமானம் மீண்டும் வந்ததோ 2022 டிசம்பர் 12 அன்று! ஏறத்தாழ 23 மாதங்கள் கழித்து!

"2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் அல்லவா தவித்தது, எரிபொருளுக்கே மக்கள் வரிசையில் நின்றனரே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நெருக்கடியின் கொடுமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நெருக்கடிக்கு ஆளான நாடு அந்நியச் செலாவணிக்கு ஏங்கும் வேளையில், பயணிகளைக் கொண்டுவரக் கூடிய ஒரு கதவை முதலில் அல்லவா திறந்திருக்க வேண்டும்? நெருக்கடி முற்றுவதற்கு முந்திய ஓராண்டுக்கு என்ன சமாதானம்? தலைநகரத்துக் கதவு திறந்தால் போதும், வடக்கத்தியான் அங்கே வந்து ஏறிக்கொள்ளட்டும் என்ற பழைய புத்தி இன்னும் முழுவதும் மாறவில்லை என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அதற்குப் பின் நல்ல மாறுதல்களும் வந்தன. அவற்றையும் சொல்வது முறை. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னை - யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் விமானம் விடப்பட்டது. முன்பெல்லாம் கடவுச்சீட்டு வாங்க யாழ்ப்பாணத்தார் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்துவைத்தார். கடவுச்சீட்டுக்காக அலையும் நாட்களும் பயண நேரத்தில் சேர்ந்தவைதானே! அதைக் குறைத்தது பாராட்டுக்குரிய காரியம்.

அரசியலால் வானம் கோணலாவது தமிழர் கண்ட அனுபவம் மட்டுமல்ல. தைவானின் தைப்பே நகரத்துக்கும் சீனத்தின் ஷாங்காய்க்கும் இடையே வான்வழி 700 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் 1949-க்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, இரு நகரத்துக்கும் இடையே ஒழுங்கான நேர் விமானம் கிடையாது. ஹாங்காங் சென்று விமானம் மாறி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2008-இல்தான் அன்றாட நேர்வழி திறந்தது. அரை நாள் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. இரு அரசுகளுக்கும் இடையே உள்ள பெரும் பிணக்கு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பிணக்கு இருக்கும்போதே வழியைத் திறக்க முடிந்தது. பிணக்கு தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு இது போதிய விடை.

தொழிலாளிக்கு இதில் என்ன?

"விமானம் பணக்காரன் ஏறுவது. தொழிலாளிக்கு அதில் என்ன அக்கறை?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான்.

பணக்காரனுக்கு எந்த வழியானாலும் ஒன்றுதான். பலாலி மூடியிருந்தால் அவன் கொழும்பு போவான், ஓட்டலில் தங்குவான், மறுநாள் ஏறுவான். சுற்றுவழி சுமையாக அமுக்குவது யாரை? வேலையை விட்டு ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலியை இழப்பவனை. சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனையை நாடி வரும் நோயாளியை. இரவெல்லாம் பேருந்தில் குலுங்க முடியாத கிழவியை. சேலை, பாத்திரம் வாங்கி விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரியை. நேரம் என்பது உழைப்பவனுடைய சொத்து. அவனுடைய நேரத்தைத் திருடுவது அவனுடைய கூலியைத் திருடுவதுதான்.

கட்டணமும் பார்க்கத்தக்கது. விமானம் 300 கிலோமீட்டர் பறந்தாலும் 3,000 கிலோமீட்டர் பறந்தாலும், இறங்கும் கட்டணம், நிலையக் கட்டணம், பயணி தலைக்கு விதிக்கும் வரி எல்லாம் உண்டு. நீண்ட பயணத்தில் அவை பரவிக் கரைந்துவிடும். குறும்பயணத்தில் அவையே கட்டணத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே இந்த வழித்தடத்துக்கு இரு அரசுகளும் வரிச் சலுகை தருவது தர்மம் ஆகாது. கணக்கின்படி நியாயமே ஆகும்.

விமானச் சீட்டு எட்டாதவருக்குக் கப்பல் வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 60 கடல் மைல் அளவுதான் தூரம். 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் கோலாகலமாகத் தொடங்கியது; சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டு 16 அன்று மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நிறுத்தத்தான் வேண்டும். உயிரைவிடப் பயணம் பெரிதல்ல. ஆனால் தொடக்க விழாவுக்கு இருக்கும் வேகம் தொடர்ந்து நடத்துவதற்கும் இருக்க வேண்டாமா? கொடியசைக்க ஒரு நிமிடம் போதும். கப்பலை ஓட்ட ஆண்டு முழுவதும் பொறுப்பு வேண்டும்.

வரிசையில் நிற்க முடியாதவர்கள்

இனி, இந்தப் பயணத்தின் மிக நீண்ட வரிசையைப் பார்ப்போம். அந்த வரிசை விமான நிலையத்தில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறது. 1983 முதல் தமிழகத்துக்கு அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழர் 3,04,269 பேர் என்று 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் தெரிவித்தார். அப்போது முகாம்களில் வாழ்ந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவுசெய்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். இவர்களில் பெரும்பாலோர் வந்த வழி எது? விமானமா? படகு! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில், கடவுச்சீட்டு ஏதுமின்றி வந்தவர்கள்.

அப்படி வந்தவர் இன்று ஊர் திரும்ப விரும்பினால் 221 மைல் வானம் திறந்திருக்கிறது. ஆனால் ஏறுவதற்கு முன்னால் இங்கே வெளியேறும் அனுமதி வேண்டும். அங்கே நுழையும் ஆவணம் வேண்டும். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பு, விரும்பித் திரும்புவோருக்கு விமானச் சீட்டு முதலிய உதவி செய்கிறது. அப்படி முறைப்படி 2025 மே மாதத்தில் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார்! குற்றம் என்ன? முன்பு நாட்டைவிட்டு அனுமதியின்றி வெளியேறினாராம்! வீட்டின் மீது குண்டு விழும்போது, அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டா ஒருவன் ஓடுவான்? கண்டனங்கள் எழுந்தபின் அவர் பிணையில் விடப்பட்டார். இப்படி நடக்காதவாறு கொள்கை திருத்தப்படும் என்று இலங்கை அரசின் தரப்பில் கூறப்பட்டது. சொன்ன சொல் சட்டமாக வேண்டும். சட்டமாகாத வாக்குறுதியை நம்பி எந்த முதியவர் விமானத்தில் ஏறுவார்?

இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே படித்த முகாம் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. கடவுச்சீட்டில்லாத இளைஞனுக்குப் பலாலியும் தூரம், சிங்கப்பூரும் தூரம், எல்லாம் ஒரே தூரம்தான்.

ஓடுபாதைக்கு அடியில் யாருடைய நிலம்?

இன்னொரு கேள்வியை விழுங்கிவிட்டு மேலே போக முடியாது. பலாலியில் சிறிய விமானம் மட்டும் இறங்கக் காரணம் அங்குள்ள வசதி குறைவு. பெரிய விமானம் வந்தால் இருக்கைகள் பெருகும். கட்டணம் குறைய வழி பிறக்கும். அதற்கு விரிவாக்கம் வேண்டும். விரிவாக்கத்துக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது?

பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு, செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண். 1990-இல் அந்த மக்கள் உடுத்திய துணியோடு வெளியேற நேர்ந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயரில் அடைக்கப்பட்டது. போர் முடிந்தபின் பகுதி பகுதியாக நிலம் விடப்பட்டது. இன்னும் விடப்படாத நிலமும் உண்டு. அடைத்து வைத்த நிலத்தில் இராணுவமே பயிர் செய்கிறது என்று உரியவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்திருக்கிறார்கள்.

விமான நிலையம் வேண்டுமா, விவசாயிக்கு நிலம் வேண்டுமா என்று இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கச் சிலர் முயலக்கூடும். அந்த வலையில் நாம் விழக்கூடாது. ஓடுபாதைக்கு உண்மையாகவே தேவைப்படும் நிலம் எவ்வளவு என்று பகிரங்கமாக அளந்து சொல்லட்டும். அதற்கு உரியவர்களைக் கூப்பிட்டுப் பேசி, சட்டப்படி விலையும் மாற்று நிலமும் கொடுக்கட்டும். விமானம் இறங்கத் தேவையில்லாத நிலத்தை, விமானத்தின் பெயரைச் சொல்லிப் பிடித்து வைத்திருக்காமல், திருப்பிக் கொடுக்கட்டும். 1990-இல் துரத்தப்பட்ட விவசாயியின் பேரன், தன் பாட்டனார் நிலத்தின் மேலே விமானத்தில் பறந்து வந்து இறங்குகிறான். இறங்கியவன் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது என்றால், அந்தப் பயணம் முடிந்ததாகுமா?

நாம் கேட்பது என்ன?

நாம் கேட்பது ஆகாயத்துச் சந்திரனை அல்ல. இரண்டு நாடுகள் என்பதை மறந்து பேசவுமில்லை. கடவுச்சீட்டு இருக்கட்டும், சுங்கச் சோதனை இருக்கட்டும். நாம் கேட்பவை இவைதான்:

நோயோ நெருக்கடியோ வந்து சேவை நின்றால், கொழும்பு திறக்கும் நாளில் பலாலியும் திறக்க வேண்டும்.

குறுந்தூர வழித்தடம் என்பதை உணர்ந்து, பயணிகள் மீதுள்ள வரியையும் கட்டணத்தையும் இரு அரசுகளும் குறைக்க வேண்டும். நாகை - காங்கேசன்துறைக் கப்பல், பருவக் காற்று இடந்தரும் மாதங்களில் எல்லாம் தவறாமல் ஓட வேண்டும்.

முறைப்படி நாடு திரும்பும் அகதி, விமானத்திலிருந்து இறங்கும்போது வரவேற்கப்பட வேண்டும், விலங்கிடப்படக் கூடாது. திரும்ப விரும்பாமல் இங்கேயே வேர்விட்டவர்களுக்கு டில்லி அரசு குடியுரிமைக்கு வழி காண வேண்டும்.

விரிவாக்கத்தின் பெயரால் விவசாயியின் நிலம் விழுங்கப்படக் கூடாது.

இந்த நான்கில் எந்த ஒன்றுக்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. 1947-இல் பழைய டகோட்டா விமானத்தைக் கொண்டு செய்ய முடிந்த காரியம் அது! அன்றைய விமானத்தைவிட இன்றைய விமானம் வேகமானது. வேகம் கூடிய காலத்தில் நாற்பதாண்டு வழி மூடிக் கிடந்தது என்றால், குறை இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்தை ஓட்டச் சொல்ல வேண்டியவர்களின் மனத்தில் இருந்தது.

தோழர்களே! ஊர்க் கூட்டங்களில் பேசும்போது இந்தக் கணக்கை மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். கரும்பலகை கிடைத்தால் 3.2 பாகையை 60-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். முகாம்கள் உள்ள ஊர்களில் இருக்கும் தோழர்கள், அங்குள்ள குடும்பங்களிடம் அமர்ந்து, யாருக்கு எந்த ஆவணம் தடையாக நிற்கிறது என்று கேட்டு எழுதி, மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். முழக்கமிடுவது எளிது, ஒரு குடும்பத்தின் தாள்களைச் சரிசெய்து கொடுப்பது அரிது. அரியதைச் செய்வோம்.

221 மைல் தூரம் என்றைக்கும் 221 மைல்தான். அதைக் கூட்டவோ குறைக்கவோ எவராலும் முடியாது. அதைக் கடக்கும் காலம் ஒரு மணியா, ஒரு நாளா, ஒரு தலைமுறையா என்பதைத்தான் மனிதர் தீர்மானிக்கிறார்கள். மனிதர் தீர்மானித்ததை மாற்றவும் மனிதரால் முடியும்.